போன் வாசிக்கும், அறிவித்தல் வாசிக்க விடாது: மட்டக்களப்பு, அம்பாறையில் மாற்றுத்திறனாளிகளும் தகவல் தொழில்நுட்பமும்

மட்டக்களப்பிலோ அக்கரைப்பற்றிலோ ஒரு பொது அறிவித்தல் இன்று மக்களிடம் எப்படிப் போய்ச் சேருகிறது? நடமாடும் சேவை வருகிறது, கொடுப்பனவுக்குப் பதிய வேண்டும், நாளைக்கு மின்வெட்டு என்று ஏதோ ஒன்று. அலுவலகத்தில் தட்டச்சு செய்து, அச்செடுத்து, கையொப்பமும் முத்திரையும் வைத்ததும் யாரோ ஒருவர் அதைப் போனில் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறார். அரை மணி நேரத்தில் ஊரெல்லாம் தெரிந்துவிடும். அதே குழுவில் பார்வையற்ற ஒருவரும் இருப்பார். அவருடைய போனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். நண்பர்கள் எழுதுவதையெல்லாம் சத்தமாக வாசித்துக் காட்டும். இந்த அறிவித்தலில் விரல் வைத்தால் மட்டும் "போட்டோ" என்று சொல்லிவிட்டு நின்றுவிடும்.

தட்டச்சு செய்யும்போது அது எழுத்தாகத்தான் இருந்தது. அதைப் படமாக்கியது நாம். மாற்றுத்திறனாளிகளுக்குத் தகவல் தொழில்நுட்பம் என்று பேச்செடுத்தாலே கணினி வாங்கிக் கொடுப்பது, பயிற்சி நிலையம் திறப்பது என்றுதான் யோசனை போகிறது. அதெல்லாம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் கிழக்கில் இன்றைக்குப் பெரிய தடை கருவியில் இல்லை. தகவலை வெளியிடுகிறவர்கள் அதை எந்த வடிவத்தில் வெளியிடுகிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. அதைச் சரிசெய்யப் பெரிய நிதி தேவையில்லை. அதனால்தானோ என்னவோ, அது யாருடைய திட்டத்திலும் வருவதில்லை.

இது சிறு கூட்டத்தின் பிரச்சினையும் அல்ல. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் 5 வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.7 வீதமானோருக்குப் பார்ப்பதில், கேட்பதில், நடப்பதில் அல்லது வேறு ஏதேனும் அன்றாடச் செயற்பாட்டில் சிரமம் இருக்கிறது. நாடு முழுக்க 16 இலட்சம் பேருக்கு மேல். அதே கணக்கெடுப்பில் மட்டக்களப்பு மாவட்டத்தின் சனத்தொகை 526,567, அம்பாறையினது 649,402. நாட்டுச் சராசரி இங்கும் பொருந்தும் என்று வைத்துக்கொண்டால்கூட, இரண்டு மாவட்டத்திலும் சேர்த்து 90 ஆயிரத்தைச் சுற்றி வரும். போரில் கையும் காலும் கண்ணும் இழந்தவர்கள் நிறைந்த மண் இது. முதுமையில் பார்வை மங்கியவர்கள், சர்க்கரை நோயால் கண் போனவர்கள் பலர் தங்களை மாற்றுத்திறனாளி என்று எந்தப் பதிவிலும் சொல்லிக்கொள்வதே இல்லை.

தூரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருக்கும் ஒருவருக்கு மாவட்டச் செயலகமான கச்சேரியில் ஒரு வேலை என்றால் வாவியைக் கடந்து வர வேண்டும். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு வழி சுருங்கியது உண்மை. ஆனால் சக்கர நாற்காலியில் இருப்பவர் பஸ்ஸில் ஏற முடியாது. ஓட்டோ பிடித்தால் போக வரக் கொடுக்கும் காசு, அவர் வாங்கப் போகும் கொடுப்பனவில் ஒரு பெரிய பங்கைத் தின்றுவிடும். கூடப் போகிறவருக்கு அன்றைய கூலி இல்லை. இப்படிப்பட்டவருக்கு வீட்டிலிருந்தே ஒரு விண்ணப்பத்தை நிரப்ப முடிவது மற்றவர்களைப் போல வெறும் வசதி அல்ல. அது நடந்தால்தான் அவர் விண்ணப்பிப்பார். இல்லாவிட்டால் விட்டுவிடுவார்.

சரி, பார்வையற்ற ஒருவர் போனையும் கணினியையும் எப்படிப் பயன்படுத்துகிறார்? திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருளைத் திரைவாசிப்பான் என்கிறோம். ஆன்ட்ரொய்ட் போன்களில் டோக்பேக் என்ற பெயரில் அது ஏற்கெனவே இருக்கிறது. ஐபோனில் வொய்ஸ்ஓவர் 2009 முதல் இருக்கிறது. விண்டோஸ் கணினிக்கு ஜோஸ் என்ற பழம்பெரும் மென்பொருள் உண்டு, டொலரில் விலை கொடுத்து வாங்க வேண்டும். அந்த விலை எட்டாத நாடுகளின் நிலைமையை மாற்றியது என்விடிஏ. மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற அவுஸ்திரேலியர் 2006இல் அதை எழுதத் தொடங்கினார், பிறகு ஜேம்ஸ் டே என்ற இன்னொரு பார்வையற்றவர் சேர்ந்துகொண்டார். கண் தெரிகிறவர்களைவிட அதிக காசு கொடுத்துத்தான் கணினி பாவிக்க வேண்டும் என்பது நியாயமில்லை என்பதே அவர்கள் எண்ணம். அது இன்றும் இலவசம். தமிழும் வாசிக்கும்.

அந்தத் தமிழ்க் குரல் இயந்திரத்தனமானதுதான். என்விடிஏயுடன் வரும் ஈஸ்பீக் குரலை முதல் தடவை கேட்பவர்களுக்குப் பாதி விளங்காது. பழகியவர்களோ அதை நம்மால் பின்தொடரவே முடியாத வேகத்தில் ஓட விட்டுக் கேட்கிறார்கள். கூகுளின் தமிழ்க் குரல் கொஞ்சம் மென்மையானது, ஆன்ட்ரொய்டில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். மைக்ரோசொஃப்ட் நிறுவனம் தன் இணையவழிக் குரல் சேவையில் இலங்கைத் தமிழுக்கென்றே குமார், சரண்யா என்று இரண்டு குரல்களை வைத்திருக்கிறது. ஆக, தமிழில் வாசிக்கக் குரல் இல்லை என்ற காலம் போய்விட்டது.

பிறகு எங்கே சிக்கல்? எழுத்துருவில். இலங்கையில் தமிழ்த் தட்டச்சு என்றால் நீண்ட காலம் பாமினி என்ற எழுத்துருதான். அச்சகம், பாடசாலை, அலுவலகம் எல்லாம் அதில்தான் ஓடின. இன்றும் வினாத்தாள்களும் அழைப்பிதழ்களும் சுற்றுநிருபங்களும் அதில் வருகின்றன. பாமினியில் "தமிழ்" என்று தெரியும் சொல்லின் உள்ளே கணினி வைத்திருப்பது தமிழ் எழுத்துகளை அல்ல. ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான் அங்கே இருக்கின்றன. எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வடிவம் போர்த்திக் காட்டுகிறது. கண்ணுக்கு அந்தப் போர்வை போதும். திரைவாசிப்பானோ உள்ளே இருப்பதைத்தான் வாசிக்கும். "மட்டக்களப்பு" என்ற ஊர்ப் பெயர் "கே எல் எல் எஃப் எஃப் எஸ் ஜி ஜி" என்று காதில் விழும். ஒரு முழுப் பக்கத்தை இப்படிக் கேட்டுப் பாருங்கள்.

இதற்குத் தீர்வு யுனிகோட். ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் உலகம் முழுக்க ஒரே குறியீடு. இலங்கைத் தர நிறுவனம் தமிழுக்கான எஸ்எல்எஸ் 1326 என்ற தரத்தை 2008இலேயே வெளியிட்டுவிட்டது. பாமினி விசைப்பலகையில் பழகிய விரல்களை மாற்றவும் தேவையில்லை. அதே விசை அமைப்பில் யுனிகோடில் தட்டச்சு செய்ய மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பழைய கோப்புகளை மாற்றித் தர இணையத்தில் மாற்றிகளும் உண்டு, ஒரு பக்கக் கடிதம் சில நொடியில் மாறிவிடும். இவ்வளவும் இருந்தும் பாமினி நிற்பதற்குக் காரணம் பழக்கம்தான். அச்சில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதால், இப்படி ஒரு பிரச்சினை இருப்பதே தட்டச்சு செய்கிறவருக்குத் தெரியாது. யாரும் அவரிடம் போய்ச் சொன்னதும் இல்லை.

பிடிஎஃப் கோப்புகளுக்கும் இதே கதி. வேர்ட் கோப்பிலிருந்து நேரே பிடிஎஃப் ஆக்கினால் எழுத்து எழுத்தாகவே இருக்கும். நாம் அச்செடுத்து, கையொப்பமிட்டு, ஸ்கேன் செய்து ஏற்றுகிறோம். அது பக்கத்தின் புகைப்படம். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருள்கள் தமிழுக்கும் உண்டு. டெசராக்ட் இலவசம், கூகுள் லென்ஸ் போனிலேயே இருக்கிறது. தெளிவாக அச்சான பக்கத்தை அவை நன்றாகவே வாசிக்கும். முத்திரை விழுந்த, சரிந்து ஸ்கேன் ஆன, மூன்றாம் தலைமுறைப் போட்டோகொப்பியில் தடுமாறும். அட்டவணை என்றால் எந்தத் திகதி எந்தக் கிராமத்துக்கு என்பது கலைந்துபோகும். திகதி மாறினால் ஆள் தவறான நாளில் போய் நிற்பார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், நம் நாட்டுக்கே உரியது. ஒரே பக்கத்தில் சிங்களமும் தமிழும் ஆங்கிலமும் வரும். எந்தப் பகுதி எந்த மொழி என்று இணையப் பக்கத்தின் உள்ளே குறித்திருந்தால் திரைவாசிப்பான் குரலை மாற்றிக்கொள்ளும். குறிக்காவிட்டால் ஆங்கிலக் குரலே தமிழையும் வாசிக்கப் பார்த்து, பல வேளைகளில் எதுவும் சொல்லாமல் தாண்டிப் போய்விடும். கேட்பவர் அங்கே தமிழ் இல்லை என்று நினைத்துவிடுவார். அரச இணையத்தளங்களின் தமிழ்ப் பக்கங்கள் பாதியில் நிற்பது பற்றி நாம் எல்லோரும் குறைப்படுகிறோம். பார்வையற்ற தமிழருக்கு, இருக்கிற பாதியும் இப்படிப் போகிறது.

வாசிப்பது ஒரு பக்கம், விண்ணப்பிப்பது இன்னொரு பக்கம். களுவாஞ்சிக்குடிப் பக்கம் பார்வையற்ற ஒரு தம்பி போனில் விண்ணப்பம் நிரப்பும்போது பக்கத்தில் இருந்து பார்த்தேன். வலப்பக்கம் விரலால் தள்ளத் தள்ள ஒவ்வொன்றாகப் போன் சொல்லிக்கொண்டு போனது. "எடிட் பொக்ஸ்." அடுத்தது, "எடிட் பொக்ஸ்." எது பெயர், எது அடையாள அட்டை இலக்கம் என்று பெட்டிக்கு உள்ளே எந்தக் குறிப்பும் இல்லை. மேலே இருந்து எண்ணிக்கொண்டு வந்து ஊகித்துத்தான் நிரப்பினார். கீழே வந்ததும் "பட்டன்", "பட்டன்" என்று இரண்டு. ஒன்று அனுப்புவது, மற்றது எல்லாவற்றையும் அழிப்பது. நெளிந்த எழுத்துகளைப் பார்த்து எழுதச் சொல்லும் கேப்சாவை நான்தான் வாசித்துச் சொன்னேன். அப்புறம் போனுக்கு ஓடிபி வந்தது. அதே போனில் விண்ணப்பப் பக்கத்தை விட்டு வெளியே போய், குறுஞ்செய்தியைத் திறந்து, ஆறு இலக்கத்தையும் கேட்டு மனதில் வைத்துக்கொண்டு திரும்பினார். பக்கம் காலாவதியாகியிருந்தது. மீண்டும் முதல் பெட்டியிலிருந்து தொடங்க வேண்டும். கோபப்படாமல் தொடங்கினார். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

அந்தப் பெட்டிக்கு ஒரு பெயர் கொடுப்பது நிரலாளருக்கு ஒரு வரி வேலை. பட்டனுக்கும் அப்படித்தான். நேரம் போதாதவருக்கு நேரம் நீட்டிக் கொடுப்பது, கேப்சாவுக்கு ஒலி வடிவம் வைப்பது, நிறத்தை மட்டும் வைத்து எதையும் உணர்த்தாமல் இருப்பது, எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 என்ற அளவில் ஒளி வேறுபாடு வைப்பது, இவை எல்லாம் உலக அளவில் ஒப்புக்கொண்ட இணைய அணுகல் வழிகாட்டியில் இருக்கின்றன. டபிள்யூகேக் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அதன் இரண்டாம் பதிப்பு 2008இல் வந்தது, கடைசியாக 2023இல் 2.2 வந்தது. கட்டி முடித்த பிறகு திருத்தப் போனால்தான் செலவு. ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தின் 9ஆம் உறுப்புரையும் இதைத்தான் கேட்கிறது. தகவல் தொழில்நுட்பங்களை ஆரம்ப கட்டத்திலேயே அணுகக்கூடியதாக வடிவமைத்தால் மிகக் குறைந்த செலவில் முடியும் என்று அதில் எழுதியே இருக்கிறது.

இதற்குள் அரச சேவைகள் வேகமாக இணையத்துக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. 2022இல் எரிபொருளுக்கு கியூஆர் வந்தது. 2023இல் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு வந்தது. 2025 பெப்ரவரியில் அரச கொடுப்பனவுகளைப் போனிலேயே செலுத்தும் கவ்பே தொடங்கியது. வரவேற்க வேண்டிய மாற்றம்தான். அணுகல் என்பதை இப்போது, தொடக்கத்திலேயே சேர்க்காவிட்டால், பத்து ஆண்டு கழித்து ஒவ்வொன்றாக உடைத்துத் திருத்திக்கொண்டிருக்க வேண்டி வரும் என்பதே என் கவலை.

விண்ணப்பம் தனியே நிரப்ப முடியாதபோது மக்கள் என்ன செய்கிறார்கள்? சந்தியில் இருக்கும் கொமியூனிகேஷன் கடைக்குப் போகிறார்கள். போட்டோகொப்பி, ரீலோட், ஒன்லைன் விண்ணப்பம் எல்லாம் அங்கேதான். கடைத் தம்பிகள் உண்மையிலேயே பெரிய உதவி. ஆனால் அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு, பாஸ்வேர்ட், நோய் விவரம் எல்லாவற்றையும் கடையில் நிற்கும் நாலு பேர் முன்னால் வாயால் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏடிஎம் பின் இலக்கத்தை உறவினரிடம் கொடுத்து வைத்திருக்கும் பார்வையற்றவர்கள் எத்தனையோ பேர். பெண்கள் நிலை இன்னும் இறுக்கமானது. போன் அண்ணனுடையது, சிம் அப்பாவின் பெயரில், ஓடிபி போவது அவர்களுக்கு. தன் பெயரில் வரும் பணத்தைப் பற்றிய செய்தியை இன்னொருவர் வாசித்துச் சொன்னால்தான் அவளுக்குத் தெரியும். சிலர் சரியாகச் சொல்கிறார்கள். சிலர் சொல்வதில்லை.

இதுவரை சொன்னது பெரும்பாலும் கண் சம்பந்தப்பட்டது. காது கேளாதவர்களின் பிரச்சினை முற்றிலும் வேறு, அதைப் பலரும் தப்பாகவே விளங்கி வைத்திருக்கிறார்கள். காது கேட்காவிட்டால் என்ன, வாசிக்கலாம்தானே என்று கேட்பார்கள். பிறவியிலேயே காது கேளாத பிள்ளைக்குத் தமிழ் காதுவழி வந்த மொழி அல்ல. சைகை மொழி அதன் முதல் மொழி, எழுத்துத் தமிழ் அதற்குப் பிறகு படித்த இரண்டாவது மொழி. அந்தச் சைகைகூட பாடசாலைக்குப் பாடசாலை, ஊருக்கு ஊர் மாறும். "மேற்படி விடயம் தொடர்பாகத் தங்களின் மேலான கவனத்துக்குக் கொண்டுவரப்படுவதாவது" என்று தொடங்கும் கடிதம் நமக்கே தலை சுற்றும். அவர்களுக்கு அது மூடிய கதவு. சின்ன வாக்கியம், திகதி, இடம், கொண்டுவர வேண்டிய ஆவணம் என்று எழுதினால் விளங்கும். கூடவே ஒரு நிமிடச் சைகைக் காணொளி இருந்தால் முழுமை.

கைக்குள் வந்த ஸ்மார்ட்போன் இவர்கள் வாழ்க்கையை மாற்றியிருக்கிறது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். குரல் அழைப்பால் இவர்களுக்குப் பயன் இல்லை, வீடியோ அழைப்பு அவர்களுடைய தொலைபேசி. கல்லடியில் இருப்பவரும் கட்டாரில் வேலை செய்யும் அவருடைய நண்பரும் இரவில் சைகையில் பேசிக்கொள்கிறார்கள். ஆனால் அதற்கு டேட்டா நிறைய வேண்டும், படம் விட்டு விட்டு வந்தால் கை சொல்வது குழம்பிவிடும். குரல் பொதிகளுக்குக் கிடைக்கும் சலுகை இவர்களுக்கு எதற்கு? தொலைத்தொடர்பு நிறுவனங்கள் காது கேளாதோருக்கென்று வீடியோவுக்கான டேட்டாப் பொதி ஒன்றை வைத்தால் அது பெரிய உதவி.

பேசுவதை அந்த இடத்திலேயே எழுத்தாக்கும் செயலிகளும் இருக்கின்றன. கூகுளின் குரல்வழித் தட்டச்சில் 2017இல் தமிழ் சேர்ந்தது, இலங்கைத் தமிழும் பட்டியலில் உண்டு. வைத்தியசாலையில் டொக்டர் சொல்வதை வாசித்துக்கொள்ள, வகுப்பில் ஆசிரியர் சொல்வதைப் பின்தொடர இவை உதவும். எழுத்துத் தமிழில் நிதானமாகப் பேசினால் நன்றாகவே வரும். "மறுகா வா" (பிறகு வா), "கிறுகிப் பார்" (திரும்பிப் பார்) என்று நம் ஊர்ப் பேச்சு ஓடத் தொடங்கினால் வேறு ஏதோ சொல்லாக எழுதிவிடும். மட்டக்களப்புப் பேச்சும், காத்தான்குடி, சம்மாந்துறைப் பக்கத்துப் பேச்சும் இந்தக் கருவிகள் கற்றுக்கொள்ளப் போதுமான அளவு கிடைக்கவில்லை. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகமும் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. இந்த மாவட்டங்களின் பேச்சைப் பதிவு செய்து, எழுத்தாக்கி, யாரும் பயன்படுத்தும்படி வெளியிடுவது இவற்றின் மாணவர்களால் முடியாத வேலை அல்ல. எனக்குத் தெரிந்தவரை, இந்தப் பகுதிக்கு அதைவிடப் பயனுள்ள ஓர் ஆய்வுத் தலைப்பு கிடைக்காது.

கை இழந்தவர்கள், நடுக்கம் உள்ளவர்கள், மூளை வாதத்துடன் வாழ்பவர்கள் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், காரணம் அவர்களுக்கு வேண்டிய மாற்றங்கள் பெரும்பாலும் மேலே சொன்னவைதான். பெரிய பட்டன், போதிய நேரம், குரலால் இயக்கும் வழி. கூடுதலாக ஒன்று, கைவிரல் ரேகையும் முகமும் இல்லாமல் அடையாளத்தை உறுதிப்படுத்த மாற்று வழி வேண்டும். இந்தியாவில் அமிலத் தாக்குதலில் முகம் சிதைந்தவர்களும் பார்வையற்ற ஒருவரும் வழக்குப் போட்டார்கள். வங்கிக் கணக்குத் திறக்கக் கமெராவைப் பார்த்துக் கண் சிமிட்டச் சொன்னால் கண் இல்லாதவர் என்ன செய்வார் என்பது கேள்வி. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30இல் தீர்ப்பளித்தது.

நம் சட்டம் எங்கே நிற்கிறது? மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996இல் வந்தது. இலங்கையில் பொதுமக்களுக்கான இணைய இணைப்பு தொடங்கியதே அதற்கு முந்தைய ஆண்டில்தான். அதனால் அணுகல் என்றதும் சட்டத்தின் கண்ணுக்குத் தெரிந்தது கட்டடங்களும் பொது இடங்களும். 2006இல் அணுகல் ஒழுங்குவிதிகள் வந்தன, 2011இல் உயர் நீதிமன்றம் பொதுக் கட்டடங்கள் பற்றி உத்தரவிட்டது. சாய்தளம் இல்லாத கட்டடத்தைக் கேள்வி கேட்க இன்று நமக்குச் சொற்களும் துணிவும் இருப்பதற்கு அவைதான் காரணம். இணையத்தளத்தைப் பற்றி அதே துணிவோடு கேட்க இன்னும் பழகவில்லை.

ஆனால் கேட்பதற்கு இடம் இருக்கிறது. ஐக்கிய நாடுகளின் சமவாயத்தில் இலங்கை 2007இல் கையொப்பமிட்டு 2016 பெப்ரவரியில் ஏற்றுறுதி செய்தது. பொதுமக்களுக்கான தகவலை மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற வடிவத்தில், உரிய நேரத்தில், மேலதிகக் கட்டணம் இல்லாமல் கொடுக்க வேண்டும் என்று அதன் 21ஆம் உறுப்புரை சொல்கிறது. பார்வையற்றோருக்காகப் புத்தகங்களை வேறு வடிவில் மாற்ற இடம் கொடுக்கும் மராக்கேஷ் உடன்படிக்கையிலும் இலங்கை 2016இல் சேர்ந்தது. அதற்கேற்பப் புலமைச் சொத்துச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டது. அதாவது ஒரு தமிழ்ப் பாடநூலைப் பார்வையற்ற மாணவருக்காக யுனிகோட் எழுத்தாக்கவோ ஒலிப்பதிவு செய்யவோ முன்வரும் அமைப்புகளுக்கு இன்று சட்டத்தில் வழி இருக்கிறது. மட்டக்களப்பில் தரிசனம் போன்ற, பார்வையற்றோருக்கான பாடசாலைகளோடு பல்கலைக்கழக நூலகங்கள் கைகோத்தால் இதை இங்கேயே செய்யலாம்.

என் கண்ணில் நடைமுறையில் அதிகம் கைகொடுக்கக்கூடியது, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். எழுத்தில் விண்ணப்பிக்க முடியாதவர் வாயால் கேட்கலாம், அதை எழுதிக்கொள்வது தகவல் அதிகாரியின் கடமை. தகவலை மின்னணு வடிவத்திலும் கேட்டுப் பெறலாம். ஆகவே ஒரு சுற்றுநிருபத்தின் வாசிக்கக்கூடிய கோப்பை, ஸ்கேன் செய்த படத்தை அல்ல, வேண்டும் என்று பிரதேச செயலகத்திடம் யாரும் கேட்கலாம். ஒரு பத்துப் பேர் தொடர்ந்து கேட்டால், மூலக் கோப்பையே இணையத்தளத்தில் போட்டுவிடுவோம் என்று அலுவலகம் தானாகவே முடிவெடுக்கும்.

மட்டக்களப்பு மாவட்டத்தில் 14 பிரதேச செயலகப் பிரிவுகள், அம்பாறையில் 20. கொழும்பில் புதிய சட்டம் வரும்வரை இவை காத்திருக்கத் தேவையில்லை. அறிவித்தலை வாட்ஸ்அப்பில் போடும்போது படத்துக்குக் கீழே அதே வாசகத்தை யுனிகோடில் ஒட்டுவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். கணினியில் தட்டச்சு செய்கிறவரே அனுப்பினால் ஒரு நிமிட வேலை. சமூக சேவை உத்தியோகத்தரிடம் ஏற்கெனவே மாற்றுத்திறனாளிகளின் விவரம் இருக்கிறது. யாருக்குக் குரல் செய்தி வேண்டும், யாருக்கு எழுத்து, யாருக்குச் சைகைக் காணொளி என்று அதில் ஒரு குறிப்பு கூட்டினால் போதும்.

பயிற்சி பற்றியும் ஒன்று. 2000களின் நடுப்பகுதியில் தொடங்கிய அறிவகம் நிலையங்கள் ஊருக்கு ஊர் கணினியைக் கொண்டுவந்தன. அந்தக் காலத்துக்கு அது சரி. இப்போது பயிற்சி போனில் நடக்க வேண்டும், அதுவும் சொந்தப் போனில், சொந்த வீட்டில். புதுப் போன் வாங்கியதும் டோக்பேக்கை இயக்கி, தமிழ்க் குரலை இறக்கி, வேகத்தைச் சரிசெய்து கொடுக்கப் பார்வையுள்ள ஒருவரின் பத்து நிமிடம் வேண்டும். அந்தப் பத்து நிமிடம் கிடைக்காமல் ஊமையாகக் கிடக்கும் போன்கள் பல. கல்முனையிலும் வாழைச்சேனையிலும் போன் விற்கிற கடைத் தம்பிகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தால், எந்தக் கருத்தரங்கும் எட்டாத வீடுகளுக்கு அது போய்ச் சேரும். சொல்லிக் கொடுக்கத் தகுதியானவர்கள் ஏற்கெனவே அதைப் பாவிக்கும் பார்வையற்றவர்கள். அவர்களுக்கு அதற்கான சம்பளத்தையும் கொடுக்க வேண்டும், தொண்டாகச் செய்யச் சொல்லக் கூடாது.

உயிரோடு சம்பந்தப்பட்ட ஒன்றைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். 2004 டிசம்பர் 26 காலை சுமாத்திராவில் நிலம் குலுங்கி, கிட்டத்தட்ட இரண்டு மணி நேரத்துக்குப் பிறகுதான் அலை நம் கரைக்கு வந்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் யாரும் யாருக்கும் சொல்லவில்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் போனார்கள். அடுத்த ஆண்டே அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. கரையோரங்களில் எச்சரிக்கைக் கோபுரங்கள் நின்றன. 117 என்ற இலக்கம் வந்தது. 2012 ஏப்ரலில் எச்சரிக்கை வந்தபோது கல்லடியிலும் கல்முனையிலும் திருக்கோவிலிலும் மக்கள் உள்ளே ஓடினார்கள். ஆனால் இந்த ஏற்பாட்டில் பெரும்பகுதி சத்தம். சைரன், கோயில் ஒலிபெருக்கி, பள்ளிவாசல் ஒலிபெருக்கி, பொலிஸ் வாகன அறிவிப்பு, தொலைபேசி அழைப்பு. காது கேளாத ஒருவர் இரவில் தூங்கிக்கொண்டிருந்தால் இதில் ஒன்றும் அவரை எழுப்பாது.

ஒரு தொலைபேசிக் கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கும் எல்லாப் போன்களுக்கும் ஒரே நேரத்தில் எச்சரிக்கை அனுப்பும் தொழில்நுட்பம் பல நாடுகளில் இருக்கிறது. போன் அமைதி நிலையில் இருந்தாலும் பலமாக அதிரும், திரையில் எழுத்து வரும், திரைவாசிப்பான் அதை வாசிக்கும். கண் தெரியாதவருக்கும் காது கேளாதவருக்கும் ஒரே செய்தி. அது இங்கே முழுமையாக வரும் நாளுக்காகக் காத்திருக்காமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒவ்வொரு கிராம உத்தியோகத்தர் பிரிவிலும் காது கேளாதவர், பார்வையற்றவர், தானாக நடக்க முடியாதவர் யார் யார், யாருக்கு எந்த வழியில் செய்தி போக வேண்டும், அந்த வீட்டுக் கதவைப் போய்த் தட்டப் போகிறவர் யார் என்று ஒரு பட்டியல் போடுவது. கதவைத் தட்டுகிறவர் வெளியூர் போயிருந்தால் அடுத்தவர் யார் என்பதும் அதில் இருக்க வேண்டும். ஐப்பசியில் மழை தொடங்கிவிடும். புரட்டாதி முடிவதற்குள் அந்தப் பட்டியலில் உள்ளவர்களை வைத்தே ஒருமுறை ஒத்திகை பார்த்து, யாருக்குச் செய்தி போய்ச் சேரவில்லை என்று அவர்களிடமே கேட்டு, அதைத் திருத்திவிட வேண்டும்.